தலைவிதியா? சாலை விதியா?

தமிழில் ‘விதி’ என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று, நம் கையில் இல்லாத ஊழ். மற்றொன்று, நாமே வகுத்து நாமே கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு. சாலையில் ஓர் இளைஞன் மாண்டுவிட்டால், துக்க வீட்டில் கூடும் பெரியவர்கள் பெரும்பாலும் முதல் பொருளையே எடுத்துக்கொள்கிறார்கள். “அவன் விதி அவ்வளவுதான்” என்கிறார்கள். எட்டாம் நாள் காரியம் முடிகிறது. பதினாறாம் நாளும் முடிகிறது. அவன் விழுந்த சந்திப்பில் விளக்கு இருந்ததா, தலைக்கவசத்தின் வார் மாட்டப்பட்டிருந்ததா, எதிரே வந்த லோரியின் பிரேக் வேலை செய்ததா என்று யாரும் கேட்பதில்லை. இக்கட்டுரை அந்த இரண்டாம் பொருளைப் பற்றியது.

எண்கள் சொல்லும் உண்மை

உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் சாலை விபத்துகளில் உயிரிழந்தனர். 5 வயது முதல் 29 வயது வரையுள்ளோரின் மரணத்திற்கு முதற்காரணம் எந்த நோயும் அல்ல; சாலை விபத்துதான். பல்கலைக்கழகத்தில் பயிலும் நம் அனைவரின் வயதும் அந்த வரம்பிற்குள்தான் அடங்குகிறது.

மலேசியாவில் 2016ஆம் ஆண்டில் 7,152 பேர் சாலைகளில் மாண்டனர். கோவிட் பெருந்தொற்றின்போது நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிலிருந்த 2020ஆம் ஆண்டில் அந்த எண்ணிக்கை 4,634ஆகவும், 2021இல் 4,539ஆகவும் குறைந்தது. கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்ட 2022ஆம் ஆண்டில் மீண்டும் 6,080ஆக உயர்ந்தது. அதாவது, நாளொன்றுக்குப் பதினாறு, பதினேழு பேர். எல்லாம் தலைவிதிதான் என்றால், அந்த ஈராண்டுகள் மட்டும் விதி விடுமுறையில் சென்றிருந்ததா? சாலையில் வாகனம் குறைந்தது; மரணமும் குறைந்தது. காரணம் மாறினால் விளைவும் மாறும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இன்னுமொரு கணக்கையும் நாம் மனத்தில் இருத்த வேண்டும். நம் நாட்டில் சாலையில் மாள்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கும் மேல் மோட்டார் சைக்கிளை ஓட்டியவர்கள் அல்லது அதன் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். கார் வைத்திருப்பவரைவிட, கார் வாங்க இயலாதவரே அதிகம் சாகிறார். சாலைப் பாதுகாப்பு என்பது போக்குவரத்துச் சிக்கல் மட்டுமன்று; வறுமைச் சிக்கலும்கூட.

ஓர் ஊர், இரு சாலைகள்

பேராக் மாநிலத்தின் தென்கோடியில், தஞ்சோங் மாலிமுக்கு வடக்கே உள்ள சிலிம் ரிவர்தான் என் ஊர். வரலாறு படித்தவர்கள் இவ்வூரின் பெயரை அறிந்திருப்பார்கள். 1942 ஜனவரி 7ஆம் நாள் இங்கு நடந்த போரில், ஜப்பானிய டாங்கிகள் பிரதான சாலை வழியாகவே புகுந்து பிரிட்டிஷ் இந்தியப் படையைச் சிதறடித்தன. அப்போரில் சாலைக்கும் ஒரு பங்கு உண்டு. போருக்கு முன்பே அச்சாலையின் வளைவுகள் சிலவற்றை நீக்கி நேராக்கியிருந்தார்கள். கைவிடப்பட்ட பழைய வளைவுப் பாதைகள் ரப்பர் மரங்களுக்கு நடுவே அப்படியே கிடந்தன. தடுப்புகளைச் சுற்றிச் செல்ல டாங்கிகளுக்கு அவை உதவின. சாலை எப்படி அமைக்கப்பட்டுள்ளதோ அதற்கேற்பவே அதில் நடப்பதும் அமைகிறது என்பதை எங்கள் ஊர் அன்றே கண்டுவிட்டது.

இன்று சிலிம் ரிவரில் இரண்டு சாலைகள் உண்டு. ஒன்று, 1994ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு தெற்கு நெடுஞ்சாலை. அங்கே எதிரும் புதிருமாக வாகனங்கள் சந்திப்பதில்லை. நடுவில் தடுப்பு உண்டு. குறுக்கே சாலை எதுவும் புகுவதில்லை. மற்றொன்று, நாங்கள் ‘பழைய ரோடு’ என்று அழைக்கும் முதலாம் எண் கூட்டரசுச் சாலை. பள்ளிக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் இதில்தான் போயாக வேண்டும்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு, தோட்டப்புற மக்களில் பலர் தரமான வீடு தேடிப் பட்டணத்தோரக் குடியிருப்புகளுக்கு மாறினார்கள். முன்பு லயத்திலிருந்து வேலைக்காட்டுக்கு நடந்து போனவர்களின் பிள்ளைகள், இன்று தஞ்சோங் மாலிமிலும் அதன் சுற்று வட்டாரத்திலும் உள்ள தொழிற்சாலைகளுக்கு ‘காப்சாய்’ மோட்டார் சைக்கிளில் செல்கிறார்கள். விடியற்காலை ஷிப்டுக்குக் கிளம்புபவரும், இரவு ஷிப்டு முடிந்து தூக்கக் கலக்கத்தில் திரும்புபவரும், செம்பனைக் குலை ஏற்றிய லோரியும், ஒரே வண்டியில் இரு பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் தாயும் அந்த ஒரே சாலையில்தான் போகிறார்கள். 100 கிலோ எடையுள்ள வண்டிக்கும் 30 டன் லோரிக்கும் இடையே ஒரு வெள்ளைக் கோடு மட்டுமே இருக்கிறது.

விபத்து எவ்வாறு நிகழ்கிறது?

விபத்து என்றதும் “யார் மீது தவறு?” என்றுதான் முதலில் கேட்கிறோம். அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹேடன் 1960களின் இறுதியில் இதனை வேறு விதமாகக் கேட்கக் கற்றுத் தந்தார். விபத்துக்கு முன், விபத்தின்போது, விபத்துக்குப் பின் என மூன்று கட்டங்கள். மனிதன், வாகனம், சூழல் என மூன்று கூறுகள். இவற்றைக் கட்டம் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு விபத்திலும் ஒன்றல்ல, பல காரணங்கள் சங்கிலிபோல் கோத்திருப்பது தெரியும். அச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அந்த உயிர் பிழைத்திருக்கக்கூடும்.

முதல் கண்ணி வேகம். இதற்குப் பள்ளியில் படித்த இயற்பியலே போதும். ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒருவருக்குச் சராசரியாக ஒன்றரை வினாடி பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் அதற்குள் 21 மீட்டர் கடந்துவிடுவார். உலர்ந்த சாலையில், நல்ல பிரேக் இருந்தால், வண்டி நிற்க மேலும் சுமார் 14 மீட்டர் ஆகும். மொத்தம் 35 மீட்டர். கூட்டரசுச் சாலையின் பொது வேக வரம்பான 90 கிலோமீட்டரில் அதே கணக்கு சுமார் 82 மீட்டராகிறது. 110இல் 113 மீட்டரைத் தொடுகிறது. ஒரு காற்பந்துத் திடலின் நீளத்தைவிட அதிகம். மழை பெய்திருந்தாலோ டயர் தேய்ந்திருந்தாலோ கணக்கு இன்னும் மோசமாகும்.

மோதலின் ஆற்றலோ வேகத்தின் இருமடிப்படி உயர்கிறது. 50இலிருந்து 90க்குப் போனால் வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. ஆனால், உடல் தாங்க வேண்டிய ஆற்றல் மூன்று மடங்குக்கும் மேலாகிறது. நம் எலும்பும் மூளையும் தாத்தா காலத்தில் இருந்தவைதான். வண்டிதான் மாறியிருக்கிறது.

இரண்டாம் கண்ணி சாலை. பழைய ரோட்டில் பல தோட்டப் பாதைகளும் கம்பத்துப் பாதைகளும் நேரடியாக வந்து சேர்கின்றன. நேரான பகுதியில் வேகமாக வரும் கார், புதர் மறைவிலிருந்து வெளிவரும் மோட்டார் சைக்கிளை எதிர்பார்ப்பதில்லை. மோட்டார் சைக்கிளோட்டியும், இருட்டில் தெரியும் விளக்கைக் கொண்டு அந்தக் கார் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதைச் சரியாகக் கணிக்க முடிவதில்லை. இவ்விடத்தில் இருவருமே முட்டாள்கள் அல்லர். விளக்கோ, வலப்புறம் திரும்புவதற்கான தனித் தடமோ, வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடோ இல்லாத சந்திப்பு அவர்களைத் தவறு செய்ய வைக்கிறது.

மூன்றாம் கண்ணி வாகனம். புது மோட்டார் சைக்கிள் வாங்கியதும் கோயிலுக்குக் கொண்டுபோய், மாலை போட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது நம் நம்பிக்கை, குறை சொல்வதற்கில்லை. ஆனால், அன்று எலுமிச்சம்பழத்தை நசுக்கிய அதே டயர் மூன்றாண்டுகளில் வழுக்கையாகிறது. பின்விளக்கு அணைந்து மாதக்கணக்காகிறது. பக்கக் கண்ணாடியை ‘ஸ்டைலுக்காக’ அம்பியே கழற்றிவிடுகிறான். பூசை ஒரு நாள். பராமரிப்பு ஒவ்வொரு நாளும்.

நான்காம் கண்ணி மனிதன். சாலைத் தடுப்புச் சோதனையைத் தூரத்தில் கண்டவுடன் மட்டும் தலைக்கவசத்தை மாட்டுபவர்கள் உண்டு. கடைக்குத்தானே என்று வாரை மாட்டாமல் தொப்பிபோல் கவிழ்த்துக்கொள்பவர்களும் உண்டு. வார் மாட்டாத தலைக்கவசம், கீழே விழும்போது தலைக்கு முன்னே தரையைத் தொடும். 16 வயது நிரம்பாமல் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்க முடியாது என்பது சட்டம். தோட்டப்புறத்தில் 13 வயதுப் பையனிடம் சாவியைக் கொடுத்து ரொட்டி வாங்கி வரச் சொல்வது பழக்கம்.

மதுவைப் பற்றியும் நாம் வெளிப்படையாகப் பேச வேண்டும். திருமண விருந்தானாலும் துக்க வீடானாலும் பின்புறத்தில் ஒரு மேசை இருப்பதை நாம் அறிவோம். 2020ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டம், இரத்தத்தில் அனுமதிக்கப்பட்ட மதுவின் அளவை 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50ஆகக் குறைத்தது. மது அருந்தி வண்டியோட்டி மரணம் விளைவித்தால், முதல் குற்றத்திற்கே 10 முதல் 15 ஆண்டுவரை சிறையும் 50,000 முதல் 100,000 ரிங்கிட்வரை அபராதமும் விதிக்கப்படலாம். “ரெண்டு கிளாஸ்தான்” என்று வண்டியை எடுப்பவர் இழக்கக்கூடியது அவர் உயிரை மட்டுமன்று; எதிரே வரும் யாரோ ஒருவரின் மகனை, மகளை.

2025: பேராக் கண்ட இரு துயரங்கள்

எல்லாக் குற்றத்தையும் ஓட்டுநர் மீது சுமத்திவிட்டால் பாடம் முடிந்துவிடும் என்பதற்கில்லை. 2025ஆம் ஆண்டில் ஒரே மாத இடைவெளியில் எங்கள் மாநிலத்தில் நடந்த இரண்டு விபத்துகள் இதனைத் தெளிவாக உணர்த்தின.

மே 13ஆம் நாள் தெலுக் இந்தானில், கலகத் தடுப்புக் காவலர்களை ஏற்றி வந்த வாகனமும் கல் ஏற்றிய லோரியும் மோதியதில் 9 காவலர்கள் மாண்டனர். அவர்கள் அவ்வூரில் நடைபெற்ற சித்ரா பௌர்ணமி விழாவில் பாதுகாப்புப் பணியை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். நம் திருவிழாவைக் காக்க வந்தவர்கள் வீடு திரும்பவில்லை. அந்த லோரி அனுமதிக்கப்பட்ட அளவைவிட மிகுதியான சுமையை ஏற்றியிருந்தது விசாரணையில் தெரிய வந்தது.

ஜூன் 9ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், கிரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஒரு பேருந்து காருடன் மோதிக் கவிழ்ந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை முடிந்து, திரங்கானுவின் ஜெர்த்தேயிலிருந்து தஞ்சோங் மாலிமிலுள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திற்குத் திரும்பிக்கொண்டிருந்த மாணவர்களில் 15 பேர் உயிரிழந்தனர். நாளைய ஆசிரியர்களாக வேண்டியவர்கள். அந்தப் பல்கலைக்கழகம் எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது.

விபத்துக்குப் பின் போக்குவரத்து அமைச்சு அமைத்த சிறப்புப் பணிக்குழு, ஓட்டுநரோடு நின்றுவிடாமல் பேருந்தின் வேகம், பிரேக், இருக்கை வார், சாலையோரத் தடுப்பு, நிறுவனத்தின் நிர்வாகம் என அனைத்தையும் ஆராய்ந்தது. பேருந்து உரிமம் வேறொரு தரப்புக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது தெரிய வந்து, அந்நிறுவனத்தின் உரிமம் இரத்து செய்யப்பட்டது. உரிமம் ஒருவரிடம், பேருந்தை நடத்துவது மற்றொருவர் என்றால், பிரேக்கைச் சோதிக்கும் பொறுப்பு யாருடையது? சக்கரத்தைப் பிடித்திருப்பவர் ஒருவர்தான். ஆனால், அந்தச் சக்கரம் அவர் கைக்கு வருவதற்கு முன் பலரின் கைகள் அதில் பட்டிருக்கின்றன.

இவ்விரு துயரங்களுக்குப் பிறகு, 2025 ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் ஓட்டுநரும் பயணிகளும் இருக்கை வார் அணிவது கட்டாயமாக அமலாக்கப்பட்டது. கனரக வாகனங்களுக்கான வேகக் கட்டுப்பாட்டுக் கருவி அதே ஆண்டு அக்டோபர் முதல் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வந்தது.

பலன் தந்த வழிகள்

சட்டம் போட்டால் மட்டும் யார் கேட்பார்கள் என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு நம் நாட்டு வரலாறே பதில் சொல்லும்.

1973இல் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்குத் தலைக்கவசம் கட்டாயமானது. தலைக்கவசம் மரண அபாயத்தைச் சுமார் 40 விழுக்காடும், தலைக்காயத்தைச் சுமார் 70 விழுக்காடும் குறைக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. 1992இல் பகலிலும் மோட்டார் சைக்கிளின் முன்விளக்கை எரியவிடும் விதி வந்தது. அன்று பலர் இதைக் கேலி செய்தார்களாம். பேராசிரியர் ராடின் உமார் குழுவினர் செரம்பான், ஷா ஆலாம் வட்டாரங்களில் செய்த ஆய்வில், ‘கண்ணில் படாததால்’ நிகழும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் சுமார் 29 விழுக்காடு குறைந்ததாகக் கண்டறிந்தார்கள். ஒரு விளக்கு எரிந்ததன் பலன் அது. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையிலான கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனித்தடம் அமைத்த பகுதியில், அவ்வகை விபத்துகள் 39 விழுக்காடு குறைந்ததாகவும் அவர் ஆய்வு காட்டியது. 2009இல் காரின் பின்னிருக்கைக்கும் வார் கட்டாயமானது. 2020இல் குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையும் கட்டாயமானது.

சுவீடன் நாடு 1997இல் ‘சுழிய இலக்கு’ என்னும் கொள்கையை ஏற்றது. மனிதன் தவறு செய்வான். அதற்கு மரண தண்டனை விதிக்காத சாலையை அமைப்பது அரசின் கடமை என்பதே அதன் சாரம். நடந்து செல்வோர் நிறைந்த இடத்தில் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டராகக் குறை. எதிரெதிரே வேகமாக வரும் வாகனங்களுக்கு நடுவே தடுப்பை வை. குறுக்குச் சந்திப்பை வட்டச் சந்திப்பாக மாற்று. இவை எதுவும் மந்திரமல்ல. பழைய ரோட்டில் ஒரு பள்ளியின் முன்னும், ஒரு தோட்டப் பாதை வந்து சேரும் இடத்திலும் இவற்றைச் செய்ய முடியும். எங்கள் ஊரிலேயே நெடுஞ்சாலைக்கு ஒரு நீதி, பழைய ரோட்டுக்கு ஒரு நீதி என்று இருக்க வேண்டியதில்லை.

நாம் என்ன செய்யலாம்?

அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்போம். கேட்பதற்கும் முறை உண்டு. கூட்டரசுச் சாலைகள் பொதுப்பணி இலாகாவின் பொறுப்பில் உள்ளவை. சந்திப்பின் நிழற்படம், விபத்து நடந்த நாள்கள், குடியிருப்பாளர்களின் கையொப்பம் ஆகியவற்றோடு எழுதப்படும் ஒரு கடிதம், காப்பிக்கடையில் பேசப்படும் நூறு புலம்பல்களைவிட வலிமையானது. தோட்டப்புறப் பெற்றோருக்குத் தேசிய மொழியில் அக்கடிதத்தை எழுதத் தயக்கம் இருக்கலாம். நமக்கு அத்தயக்கம் இருக்கக் காரணமில்லை. நாம் கற்ற கல்விக்கு இதுவும் ஒரு பயன்.

அடுத்து, நம் கழகங்கள். இலக்கிய விழா, நாடகம், கல்விச் சுற்றுலா என்று ஆண்டுதோறும் பேருந்து எடுக்கிறோம். விலைப்புள்ளி கேட்கும்போது எந்த நிறுவனம் மலிவு என்பதை மட்டும் பார்க்கிறோம். உரிமம் யார் பெயரில் உள்ளது, வாகனச் சோதனை எப்போது நடந்தது, எல்லா இருக்கைகளிலும் வார் வேலை செய்கிறதா, நீண்ட பயணத்திற்கு இரண்டாம் ஓட்டுநர் உண்டா என்ற நான்கு கேள்விகளையும் சேர்த்துக் கேட்போம். முடிந்தவரை நள்ளிரவுப் பயணத்தைத் தவிர்ப்போம். சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம் போன்ற ஊர்களுக்கு இரயில் வசதி இருக்கிறது. விடுமுறைக்கு ஊர் திரும்ப அதுவே பாதுகாப்பான வழி.

இறுதியாக, நம் வீடு. தீபாவளிக்குத் தம்பிக்குப் புதுக் கைத்தொலைபேசி வாங்கித் தருவதற்கு முன், சிரிம் முத்திரையுள்ள தலைக்கவசம் ஒன்றை அவன் தலை அளவுக்கு வாங்கித் தரலாம். அப்பாவின் வண்டி டயரைக் குனிந்து பார்க்கலாம். வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்குச் சொக்சோ பாதுகாப்பு உண்டு என்பதையும், முதலாளி தம் பெயரைப் பதிந்து சந்தா கட்டுகிறாரா என்பதைச் சரிபார்க்க வேண்டும் என்பதையும் அண்ணனுக்குச் சொல்லலாம். விருந்தில் மது அருந்தியவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொள்ளலாம். வயதில் மூத்த மாமாவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளலாம். மரியாதைக் குறைவு ஒரு நாளில் ஆறிவிடும்.

நம் தாத்தாக்கள் லயத்தில் பிறந்தார்கள். நம் பெற்றோர் பாடுபட்டு நம்மைப் பல்கலைக்கழகம்வரை அனுப்பினார்கள். மூன்று தலைமுறை உழைப்பு ஒரு சந்திப்பில் மூன்று வினாடியில் கரைந்துபோவதை ஊழ் என்று ஏற்றுக்கொண்டால், அதை மாற்றும் கடமையிலிருந்து நாம் எளிதாகத் தப்பித்துக்கொள்கிறோம். இனி ஒரு துக்க வீட்டில் “விதி” என்ற சொல் காதில் விழும்போது, “எந்த விதி?” என்று பணிவோடு கேட்கும் துணிவு நமக்கு வரட்டும்.